மன்றம் உண்டு, மண் இல்லை!

(மேகமலை அடிவாரத்தில் கூடிய உள்ளாட்சிப் பயிற்சிக் கூட்டத்தில், கழகத் தோழர்களிடையே ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



உள்ளாட்சி என்று பேச்செடுத்தால் மேடையிலே தவறாமல் ஓர் ஊரின் பெயர் ஒலிக்கும். உத்திரமேரூர்! ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே தமிழகம் தேர்தல் கண்டது, குடவோலை கண்டது, வாரியம் கண்டது என்று மார்தட்டிப் பேசுவர். தட்டட்டும், தட்டத் தகுந்த பெருமைதான். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அந்தக் கல்லெழுத்துகள் வெட்டப்பட்டன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே இட்டனர். ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது, அவன் உறவினரும் அமரலாகாது என்று விதித்தனர். இன்று அந்த விதி திரும்பி வருமானால் எத்தனை ஊர்களில் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்!

ஆனால், தோழர்களே! கல்வெட்டைப் பாதி படித்துவிட்டு மாலை போடுகிறவர்கள், மீதியையும் படிக்க வேண்டும். குடத்திலே யார் பெயரை இடலாம்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவன் பெயரை இடலாம். சொந்த மனையிலே வீடு கட்டிக் குடியிருப்பவன் பெயரை இடலாம். வேதமும் கற்றிருக்க வேண்டும். நிலமில்லாதவனுக்கு அங்கே இடமில்லை; உழுதவனுக்கு இடமில்லை; பெண்ணுக்கு இடமில்லை.

இப்போது, அண்ணாந்து பாருங்கள். மேகம் தவழும் அந்த மலைமுகட்டிலே ஒரு பேரூராட்சி இருக்கிறது. ஹைவேவிஸ் பேரூராட்சி. அதற்குத் தலைவர் உண்டு, உறுப்பினர்கள் உண்டு, வார்டுகள் உண்டு, வாக்காளர் பட்டியல் உண்டு. உத்திரமேரூர்ச் சட்டத்தை அந்த ஊருக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்? தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலே வாழும் அந்த மக்களில், சொந்த மனையிலே வீடு கட்டி வாழ்பவர் என்று எத்தனை பேர் எழுந்து நிற்க முடியும்? குடம் வெறுங்குடமாகவே இருக்கும், தோழர்களே! சிறுவன் கையை விட்டால் காற்றுத்தான் கிடைக்கும்.

இன்று அந்த மக்களுக்கு வாக்கு இருக்கிறது. நிலம் கேட்காமல், வேதம் கேட்காமல், ஆண் பெண் பாராமல் வாக்கு வந்தது. 2016-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்றாயிற்று. இவை சிறு வெற்றிகள் அல்ல. ஆயினும், வாக்குப் பெட்டி ஏறிய மலையிலே இன்னும் ஒன்று ஏறவில்லை. அது எது என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அலையின் பெயர் தாங்கிய மலை

ஊரின் பெயரைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் இந்த மலைத்தொடரைக் கண்டான். கடல் அலைகள் எழுந்து உறைந்து நின்றாற்போல் இருந்தது. ‘உயர்ந்த அலைமலை’ என்று தன் மொழியிலே பெயர் வைத்தான். தோட்டத்துக்கு அதுவே பெயராயிற்று; தோட்டத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று; ஊரின் பெயரே பேரூராட்சிக்கும் பெயராயிற்று. ஊருக்குத் தோட்டம் வந்ததில்லை, தோட்டத்துக்கு ஊர் வந்தது! அந்த வரிசையிலேதான் அத்தனை சிக்கலும் அடங்கியிருக்கிறது.

காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள் கைகளால் நட்டார்கள். சொத்து பத்திரத்திலே விளைந்தது. இன்று அந்த மலையிலே பெரும்பரப்பு தோட்டம். தோட்டத்தைச் சுற்றிலும் காடு. 2009-இல் அது வனவிலங்குச் சரணாலயம். 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம். இடையிடையே மணலாறு, இரவங்கலாறு என்று நீர்த்தேக்கங்கள், அவை மின்சாரத்துக்கு. தோட்டம் நிர்வாகத்துக்கு, காடு வனத்துறைக்கு, தண்ணீர் மின்வாரியத்துக்கு. மன்றத்துக்கு? மன்றத்துக்கு ஒரு பெயர்ப்பலகை!

அலையின் பெயர் கொண்ட மலையை விட்டு, உண்மையான அலையடிக்கும் கரைக்கு இறங்கிச் செல்லுங்கள். கடலூர்க் கரையிலும் நாகைக் கரையிலும் குமரிக் கரையிலும் உள்ள சிற்றூர்களைக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாய்க் கட்டுமரம் ஏறிய குடும்பம், வலை உலர்த்திய மணலுக்கு ஒரு பட்டா கேட்டு அலைகிறது. 1991-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது, 2011-இல் மாறியது, 2019-இல் மீண்டும் மாறியது. 2004 டிசம்பர் 26-இல் கடலே எழுந்து வந்து குடிசைகளை வாரிக்கொண்டு போனபோதுதான், எத்தனை பேர் காகிதமின்றிக் கரையில் வாழ்ந்தார்கள் என்பது நாட்டுக்கே தெரிந்தது. மலையிலே லயன், கரையிலே மணல். வாக்குச்சீட்டு இருவரிடமும் உண்டு. மனைச்சீட்டு இருவரிடமும் இல்லை. ஆகவே நான் ஒரு மலையூரைப் பற்றிப் பேசினாலும், அது கரையூருக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதினெட்டு வளைவு, பதினெட்டு அதிகாரம்

சின்னமனூரிலிருந்து மலையேறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் சங்கத் தமிழ் கண்ட மலரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அழகு! ஏறுகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள்.

அரசியல் சட்டத்திலும் ஒரு பதினெட்டு இருக்கிறது. 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அது பன்னிரண்டாம் அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகட்கு வழங்கத்தக்க 18 பொறுப்புகள் அதிலே வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு மலர்ப்பெயர் இல்லை. முட்பெயர் வைத்தாலும் தகும். ஏறிப் பார்ப்போமா?

ஊரமைப்புத் திட்டமிடல் – நிலம் பிறருடையது. கட்டடங்களை ஒழுங்குபடுத்தல் – கட்டடங்கள் தோட்டத்துடையவை. சாலை – வளைவுச் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, லயனுக்குச் செல்லும் பாதை தோட்டத்துக்கு. குடிநீர் – ஊற்று காட்டிலே, குழாய் தோட்டத்திலே. துப்புரவு – குப்பையை எடுக்கலாம்; கொட்ட இடம்? பக்கத்திலே புலி! பூங்கா, விளையாட்டுத் திடல் – எவருடைய நிலத்தில்? இடுகாடு – செத்த பிறகும் இடம் கேட்டு நிற்க வேண்டும். எஞ்சியது என்ன? பிறப்பும் இறப்பும் பதிவு செய்வது! பிறந்தான் என்று எழுதலாம், இறந்தான் என்று எழுதலாம். இடையிலே அவன் வாழ்ந்த வாழ்வைப் பற்றி எழுத மன்றத்தின் பேனாவிலே மை போதவில்லை!

மலைப்பாதையின் பதினெட்டு வளைவும் ஏறியவன் உச்சியை அடைகிறான். சட்டத்தின் பதினெட்டு வளைவும் ஏறிய மன்றம், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது.

வில்லன் இல்லாத நாடகம்

நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே இதை ஒரு காட்சியாகக் காட்டுகிறேன். கற்பனைக் காட்சிதான், ஆனால் மலையூர் மன்றங்களை அறிந்தவர்கள் இதைக் கற்பனை என்று சொல்லத் தயங்குவார்கள்.

மன்றக் கூட்டம். வார்டு உறுப்பினராகிய ஓர் அம்மையார் எழுகிறார்.

உறுப்பினர்: எங்கள் லயனுக்குச் செல்லும் பாதை பள்ளத்தாக்குப் பக்கமாகச் சரிந்திருக்கிறது. மழைக்கு முன்பு தடுப்புச் சுவர் கட்ட வேண்டும்.

செயல் அலுவலர்: நியாயமான கோரிக்கைதான், அம்மா. ஆனால் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். பிறர் நிலத்திலே மன்றப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையிலே தடை எழுதுவார்கள்.

தோட்ட நிர்வாகம்: பாதை எங்களுடையதே, மறுக்கவில்லை. ஆனால் தேயிலை விலை இருக்கிற இருப்பிலே, இந்த ஆண்டு இயலாது. அடுத்த ஆண்டு ஆவன செய்வோம்.

வனத்துறை: சுவரின் கடைக்கால் எங்கள் எல்லைக்குள் மூன்றடி வருகிறது. மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது.

உறுப்பினர்: அப்படியானால் நான் யாரிடம் போவது, ஐயா?

(எவரும் விடை கூறவில்லை. இடி முழக்கம். மழை நுழைகிறது.)

மழை: என்னிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. நானும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை!

(பாதை சரிகிறது. திரை.)

சிரித்தீர்கள், தோழர்களே! ஆனால் மழை சிரிக்க வைக்க வருவதில்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இதே மலைத்தொடரின் மறுபக்கத்திலே, மூணாறை அடுத்த பெட்டிமுடியிலே, மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஒரே கூரையின் கீழ் அடுக்கி வைத்தாற்போல் வாழ்ந்தவர்கள், ஒரே மண்ணின் கீழ் அடுக்கி வைத்தாற்போல் மாண்டார்கள்.

என் காட்சியிலே ஒரு கொடியவனைத் தேடிப் பாருங்கள்; கிடைக்கமாட்டான். செயல் அலுவலர் சொன்னது சட்டம். நிர்வாகம் சொன்னது கணக்கு. வனத்துறை சொன்னது விதி. ஒவ்வொருவர் பேச்சிலும் ஒரு நியாயம்! எல்லா நியாயங்களும் கூடி ஓர் அநியாயத்தைப் பெற்றெடுக்கின்றன. அதுதான் கொடுமை. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனை வீழ்த்திவிடலாம். அமைப்பே கெட்டிருந்தால் அமைப்பைத்தான் திருத்த வேண்டும்.

பேருக்குப் பேரூர்

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். ‘பேரூராட்சி’ என்றால் பெரிய ஊரின் ஆட்சி. பெயரிலே என்ன இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, பறிபோகும் உரிமை இருக்கிறது!

கிராம ஊராட்சியிலே கிராம சபை உண்டு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதைத் தந்தது. ஊர் கூடி, கணக்குக் கேட்டு, தீர்மானம் போடலாம். பேரூராட்சிக்கு அந்தக் கிராம சபை இல்லை. 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபோது, அது கிராமங்களுக்கென்றே வந்தது. பேரூராட்சி என்று பெயர் தாங்கிய ஊர்களின் ஏழைகள் எட்ட நின்று பார்த்தார்கள். புலிகள் காப்பகத்தின் வெளிவட்டத்தை வரையறுக்கும்போது கிராம சபையைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது, 2006-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம்! ஆனால் காட்டின் நடுவே, யானைத் தடத்தின் ஓரத்திலே, ‘நகர்ப்புறம்’ என்ற பட்டத்தோடு நிற்கிற ஊருக்குக் கிராம சபை எங்கே? கலந்துகொள்ள வருகிறவர் யாரைக் கலந்துகொள்வார்?

யானை என்றேன். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலிலே பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன், பெரியாறு காட்டிலே விடப்பட்டு, எல்லை தாண்டி இந்த மேகமலைக்கு வந்தது. மே 27-இல் கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்தது. ஜூன் 5-இல் பிடிக்கப்பட்டுத் தெற்கே கொண்டு செல்லப்பட்டது. அந்த நாள்களில் இந்த மலையிலே சுற்றுலா நின்றது. மாலை கவிந்தால் மக்கள் கதவடைத்தனர். நகரம் என்று ஏட்டிலே எழுதினார்கள்; யானை ஏடு படிப்பதில்லை!

பெயரை மாற்றினால் போதுமா? அதையும் பார்த்துவிட்டோம். 2004-இல் பெரும்பாலான பேரூராட்சிகளைச் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று மாற்றினார்கள். 2006-இல் மீண்டும் பேரூராட்சி என்று மாற்றினார்கள். பலகை எழுதுகிறவருக்கு இரண்டு முறை கூலி கிடைத்தது. லயன் கூரை ஒழுகுவது ஒரு முறையும் நிற்கவில்லை.

அந்தப் பலகைக்குப் பின்னே அமரவும் சில காலம் ஆளில்லை. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்த நாள் 2022 பிப்ரவரி 19. ஐந்தாண்டுகட்கு ஒரு முறை தேர்தல் என்பது அரசியல் சட்டம். ஐந்தாண்டுகட்கு மேல் தேர்தலே இல்லை என்பது நடைமுறை! ஒரு முழு ஆட்சிக் காலம் தனி அலுவலர் கையிலே போயிற்று. பெரு நகரத்திலே அதைப் பற்றி எழுத ஏடுகள் உண்டு. மலையூரிலே, உறுப்பினர் இல்லாத ஐந்தாண்டும், உறுப்பினர் உள்ள ஐந்தாண்டும் ஒன்றுபோலவே தோன்றியது என்றால், அது எவ்வளவு பெரிய ஆபத்து! இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மக்கள் எண்ணத் தொடங்கும் நாளில், மக்களாட்சி சாகத் தொடங்குகிறது.

உலகம் கற்ற பாடம்

இது மேகமலைக்கு மட்டும் வந்த நோயன்று. அமெரிக்காவிலே, சிக்காகோவுக்குப் பக்கத்திலே, ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளி, இரயிலில் படுத்துறங்கும் பெட்டிகளைச் செய்கிறவன், 1880-இல் ஓர் ஊரையே கட்டினான். வீடு அவனுடையது, கடை அவனுடையது, நூலகம் அவனுடையது, தேவாலயமும் அவனுடையது! அழகான ஊர் என்று உலகம் வந்து பார்த்துப் புகழ்ந்தது. 1894-இல் கூலியைக் குறைத்தான். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. பாட்டாளி கொதித்தெழுந்தான். நாடெங்கும் இரயில் நின்றது, படை வந்தது, குருதி சிந்தியது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1898-இல் இல்லினாய் மாநில உயர்மட்ட நீதிமன்றம் சொன்னது: பெட்டி செய்ய உரிமம் பெற்ற கம்பெனிக்கு ஊரை உடைமையாக வைத்திருக்க உரிமையில்லை, ஆலைக்கு வேண்டாத சொத்துகளை விற்றுவிடு! தொழில் நடத்தலாம், ஊரை ஆளலாகாது. இந்தப் பாடம் நூற்றிருபது ஆண்டுகட்கு மேல் பழையது, தோழர்களே!

இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரத்துக்கு 1873 முதல் 1876 வரை ஜோசப் சேம்பர்லின் மேயர். விளக்கெரிக்கும் வாயுவும் குடிக்கும் நீரும் தனியார் கம்பெனிகளிடம் இருந்தன. விலை கொடுத்து இரண்டையும் நகர்மன்றத்தின் உடைமையாக்கினார். அவர் பொதுவுடைமைக்காரர் அல்லர், தொழிலதிபர். ஆயினும், ஊரின் தண்ணீர் ஊரின் கையில் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

கடலுக்கப்பால், நம் இரத்தத்தின் இரத்தமான இலங்கை மலையகத் தமிழரைப் பாருங்கள். 1948-இல் குடியுரிமையைப் பறித்தார்கள். போராடிப் போராடி, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை வந்து மீட்டார்கள். குடியுரிமை வந்தும் குழாய்த் தண்ணீர் வரவில்லை. ஏன்? 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடை! சபைக்கு வாக்களிப்பது அவர்கள். சபையின் பணம் மட்டும் அவர்கள் வாசலில் நின்றுவிடும். அந்தத் தடையை 2018-இல் சட்டத் திருத்தத்தால் தகர்த்தார்கள். முப்பதாண்டு பிடித்தது, ஆனால் தகர்த்தார்கள்.

நம் நெல்லைச் சீமையின் மாஞ்சோலைக்கு வாருங்கள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகை. 2028-இல் முடிகிறது. 2024-லேயே தொழிலாளர் முன் விருப்ப ஓய்வுப் படிவம் நீட்டப்பட்டது. குத்தகை யாருடையது? கம்பெனியுடையது. ஊரை விட்டு இறங்க வேண்டியவர் யார்? அந்த மண்ணிலே பிறந்து, அந்த மண்ணிலே பெற்றோரைப் புதைத்த தொழிலாளி! அவர்களும் தேர்தல்தோறும் வாக்களித்தவர்கள்தாம். வாக்கு அவர்களைப் பட்டியலிலே வைத்தது, மலையிலே வைக்கவில்லை. மேகமலையின் நில வரலாறு வேறு; மாஞ்சோலையின் வரலாறு வேறு. ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்று.

மூன்று கேள்விகள்

எதிர்த்துக் கேட்போர் உண்டு. கேட்கட்டும், கேள்விக்கு அஞ்சும் இயக்கமன்று இது.

முதற்கேள்வி தோட்டத்தார் கேட்பது. “1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் நீரும் மருத்துவமும் எங்கள் பொறுப்பு என்றதே! மன்றம் ஏன் நுழைய வேண்டும்?” ஆம், அந்தச் சட்டம் அப்படிச் சொன்னது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைந்துவிட்டது. பழைய சட்டமாயினும் புதிய சட்டமாயினும், அது பேசுவது தொழிலாளியைப் பற்றி. வேலையிலே இருக்கும்வரை வீடு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் காய்த்துப்போன தாய், வயது வந்து வேலையை விடும் நாளில், வீட்டையும் விட வேண்டும். பணிக்கொடை வேண்டுமா, வீட்டுச் சாவியைக் கொடு என்பது தேயிலை நாடெங்கும் கேட்கும் பேச்சு. தொழிலாளி ஓய்வு பெறலாம். குடிமகன் ஓய்வு பெறுவதில்லை! தொழிலாளியைக் காக்க முதலாளி மீது கடமை இருக்கட்டும். அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. குடிமகனைக் காக்க மன்றத்துக்கு உரிமை வேண்டும் என்கிறோம்.

இரண்டாம் கேள்வி காட்டை நேசிப்போர் கேட்பது. “புலி வாழும் இடத்திலே பட்டா கேட்கலாமா?” காடு அழிந்தால் மேகமில்லை, மேகமில்லையேல் மலையுமில்லை, கீழே கம்பம் பள்ளத்தாக்கின் பசுமையுமில்லை. அதை நாம் அறிவோம். ஒரு சாண் காட்டையும் கேட்கவில்லை. ஏற்கெனவே வீடாய், பாதையாய், இடுகாடாய் இருக்கிற இடத்துக்கே கணக்குக் கேட்கிறோம். மேலும், காட்டைக் கெடுப்பவன் யார்? லயனிலே வாழ்பவனா? விடுமுறை நாளிலே வந்து, குப்பியையும் பையையும் வீசிவிட்டு இறங்குகிறவனா? ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் தடை செய்தது. அந்தத் தடையை மலைமேல் நிறைவேற்ற, அதிகாரமும் வருவாயும் உள்ள மன்றம் வேண்டாமா? வலிவுள்ள மன்றம் காட்டுக்குப் பகையன்று, காவல்.

மூன்றாம் கேள்வி நம்மவரே கேட்பது. அதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. “மாநில உரிமை பேசும் இயக்கம், சாக்கடைக்கும் சந்துக்கும் பேச வேண்டுமா?” தோழரே! தந்தை பெரியார் பொதுவாழ்விலே எங்கே தொடங்கினார்? ஈரோட்டு நகர்மன்றத் தலைவராக, குடிநீருக்கும் தெருவுக்கும் உழைத்தார். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சவுந்தரபாண்டியனார் என்ன செய்தார்? தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்றார். ஒரு ஜில்லா போர்டின் பேனா, பல நூற்றாண்டுச் சாதித் திமிரைச் சாலையிலே நிறுத்தி வைத்தது! டில்லியிடம் நாம் கேட்கிற அதிகாரப் பகிர்வை, நம் மாநிலம் மலையூருக்கு மறுக்கலாமா? மேலே இருப்பவனிடம் உரிமை கேட்டுவிட்டு, கீழே இருப்பவனுக்குக் கையை விரிப்பது கொள்கையாகாது.

நாம் கேட்பது

நாம் கேட்பது நான்கு. நீண்ட பட்டியல் வேண்டாம். நான்கும் நெஞ்சிலே நிற்கட்டும்.

ஒன்று: மலையூர்ப் பேரூராட்சிகளிலே மக்கள் நடக்கும் பாதை, குடிக்கும் நீரின் ஊற்றிலிருந்து குழாய் வரை, பேருந்து நிற்குமிடம், இடுகாடு ஆகிய பொது இடங்களை அளந்து மன்றத்தின் பெயரிலே பதிவு செய்ய வேண்டும். இயலுமா? இயலும்! சின்னமனூரிலிருந்து ஏறும் சாலை ஒரு காலத்திலே தோட்டத்தார் சாலை. பின்னர் நெடுஞ்சாலைத் துறையின் கைக்கு வந்தது, செம்மையாயிற்று. மலை இடிந்துவிடவில்லை, தோட்டம் மூழ்கிவிடவில்லை! சாலைக்கு இயன்றது சந்துக்கு இயலாதா?

இரண்டு: வேலையை விட்டு இறங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், இறங்கும் முன்பே ஒரு மனை. மலையிலே இடமிருந்தால் மலையிலே, இல்லையேல் அடிவாரத்திலே. எங்கே என்பதை அவரே சொல்லட்டும். வீடு தயாராகும் வரை வெளியேற்றம் கூடாது.

மூன்று: காட்டைப் பற்றி, சுற்றுலாவைப் பற்றி, சோதனைச் சாவடி திறக்கும் நேரத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது, மன்றத்தின் குரல் கேட்கப்பட வேண்டும். கிராம சபைக்குச் சட்டம் தந்த இடத்தை, காடு சூழ்ந்த பேரூர்களின் ஊர்க்கூட்டத்துக்கும் தர வேண்டும்.

நான்கு: தேர்தல் நாள் தவறக் கூடாது. 2022-இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக அமைப்புகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மீண்டும் தனி அலுவலர் வந்ததைப் பார்த்தோம். எந்தக் கட்சி ஆண்டாலும், நம் கட்சியே ஆண்டாலும், இந்தத் தவறு தவறுதான்.

இவை ஆட்சியிடம் கேட்பவை. உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. மன்றத்திலே நம் உறுப்பினர் இருந்தால், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் அவரை லயனுக்கு அழைத்துச் செல்லுங்கள். தீர்மானங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றுக் கட்சியார் இருந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள், கணக்கைக் கேளுங்கள். கொடி கட்டுவதற்கு ஏறிய மலையிலே, கோரிக்கை எழுதவும் ஏறுங்கள். எந்தப் பாதை எவர் பெயரில் இருக்கிறது, எந்த ஊற்று எவர் பெயரில் இருக்கிறது, ஓய்வு பெற்றவர் எத்தனை பேர், அவர்களுள் மனையற்றோர் எத்தனை பேர் என்று ஏடு போட்டு எழுதுங்கள். ஏடு இல்லாத ஏழைக்கு நாமே ஏடாக இருப்போம்.

உத்திரமேரூர் நிலமுடையவனுக்கு மட்டும் குடவோலை தந்தது. நாம் நிலமற்றவனுக்கும் வாக்குத் தந்தோம். அது பாதி வழி. நிலமற்றவனின் வாக்கு, அவன் காலுக்கடியிலே ஒரு சாண் மண்ணையேனும் உறுதி செய்யும் நாளில்தான் மீதி வழி முடியும். மன்றம் வந்துவிட்டது, தோழர்களே! அதற்கு மண்ணைக் கொண்டு வந்து சேர்ப்பது நம் வேலை.